நாவலடிப்பள்ளம் வீதியில் மிஹ்லார் அடித்த பலகை

வரிப்பத்தான்சேனையில் நாலு சில்லும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வைத்திருப்பவர் மிஹ்லார். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக அவர் ஓடுவது ஒரே பாதைதான்: ஊரிலிருந்து மேற்கே, காட்டோரத்தில் இருக்கும் நாவலடிப்பள்ளம் என்ற சின்னக் குடியிருப்புக்கு. தூரம் பதினொரு கிலோமீற்றர். வெயில் காலத்தில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மாரியில் எவ்வளவு பிடிக்கும் என்று அவரே சொல்லமாட்டார். விதைநெல், உரம், காய்ச்சல்காரர், பிள்ளைகளுக்கு ஊசி போடப்போகும் மருத்துவ மாது சுஜித்தா, எல்லாம் போவதும் வருவதும் அந்த ஜீப்பில்தான்.

போன வருடம் இந்த வீதி தொடங்கும் சந்தியில் பெரிய பலகை ஒன்று எழும்பியது. ‘வீதி அபிவிருத்தி நிறைவு – 11 கிலோமீற்றர்’. உண்மையில் நடந்தது, முதல் இரண்டு கிலோமீற்றருக்குக் கிரவல் மண் கொட்டி உருட்டியது மட்டும். இரண்டாம் கிலோமீற்றர்க் கட்டை தாண்டினால் களிமண் சேறு தொடங்கும். ஏழாம் கட்டையில் ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலமான தாம்போதியின் நடுவில் கொங்கிறீட் உடைந்து, ஓர் ஆள் தாழும் பள்ளம் கிடந்தது. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மிஹ்லார் இடம் தெரிந்து ஓரத்தால் கடப்பார்.

நவம்பர் மாதத்து மழையில், ஒரு பகல் நேரம், நாவலடிப்பள்ளத்திலிருந்து திரும்பி வந்த மிஹ்லார் தாம்போதியின் காட்டுப் பக்கக் கரையிலேயே ஜீப்பை நிறுத்தினார். நாலு சில்லும் இழுக்கிற, பின்தட்டு வைத்த புதுக் கெப் வாகனம் ஒன்று முன் சில்லு பள்ளத்துக்குள் இறங்க, மூக்குக் குத்தி நின்றது. பின்தட்டில் ஓர் இளம் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாய்ந்தமருது ஊரைச் சேர்ந்த றிம்சானும் ஹிமாயாவும். நாவலடிப்பள்ளத்தில் பிள்ளை பெற்றிருந்த ஹிமாயாவின் கூடப்பிறந்த ராத்தாவைப் பார்க்க வந்தவர்கள்.

மிஹ்லார் கயிற்றை ஜீப்பில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முதலில் ஹிமாயா, பிறகு றிம்சான். கெப்பை இழுத்தெடுக்க இன்னும் ஒரு மணித்தியாலம் போனது.

“ஆருக்கிட்டக் கேட்டுத் தம்பி இந்தத் தண்ணிக்குள்ள எறக்கின?”

“சந்தியில பலகை போட்டிரிக்கே காக்கா, வேல முடிஞ்செண்டு. போன்லயும் நல்ல ரோட்டெண்டுதான் காட்டிச்சு. களி மழையாலதானெண்டு நெனச்சம்.”

ஹிமாயா நனைந்த முக்காட்டைப் பிழிந்தார். “ரெண்டு மணித்தியாலம் கத்தினம் காக்கா. போனும் வேல செய்யல்ல. ஒரு மனிசரும் வரல்ல.”

மிஹ்லாருக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பலகையை எழுதச் சொன்னவன் எவனோ, அவன்மேல் வந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய தகரமொன்றை எடுத்து, பெண்சாதி றாஹிலாவுக்கு முன்னால் போட்டார்.

“ஒன்ட எழுத்துத்தான் வடிவு. நான் செல்றத எழுது.”

“ஏசி எழுதுறதெண்டா நான் எழுத மாட்டன்.”

“ஏசல்ல. ரோட்டுல உள்ளத்த எழுது.”

றாஹிலா எழுதினார்: ‘இரண்டாம் கட்டைக்கு அப்பால் வீதி இல்லை. நான்கு சில்லும் இழுக்காத வாகனம் போகவேண்டாம். களியில் இறங்க முன்னரே ரயர்க் காற்றைக் குறையுங்கள், புதைந்த பிறகு குறைத்துப் பயனில்லை. நாலாம் கட்டைக்குப் பிறகு போன் வேலை செய்யாது. திரும்பும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஏழாம் கட்டைத் தாம்போதியில் ஓர் ஆள் தடியோடு நடந்து பார்த்த பிறகே வாகனத்தை இறக்குங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்புங்கள். தண்ணீருக்குள் கியர் மாற்றவேண்டாம். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு யானை இறங்கும்.’

மிஹ்லார் அதைப் பெரிய பலகைக்குப் பக்கத்திலேயே அடித்தார். ஒன்பதாம் நாள், வீதிக்குப் பொறுப்பான காரியாலயத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அங்கே இருந்தவர் மதுஷன், பாண்டிருப்பைச் சேர்ந்த இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

“காக்கா, அனுமதி இல்லாம அங்க பலகை போடேலாது. அதுவும் பிழையான தகவல்.”

“எது சேர் பிழ?”

மதுஷன் கோப்பைத் திருப்பிக் காட்டினார். “பதினொரு கிலோமீற்றரும் முடிஞ்செண்டு இதில கிடக்கு.”

மிஹ்லார் கோப்பைப் பார்க்கவில்லை. “சேர் அந்த ரோட்டால போயிரிக்கிங்களா?”

“நான் இஞ்ச வந்து நாலு மாசந்தான்.”

“ரெண்டு பேர் ஆத்துல அள்ளுப்பட்டு மௌத்தாகிப் போகப் பாத்தாங்க, ஒங்கட பலகைய நம்பி. நாளைக்கு வந்து என்ட ஜீப்புல ஏறுங்க. கடசிக் கட்ட வரைக்கும் எறங்காம, தள்ளாமப் போய்ச் சேர்ந்தமெண்டா, என்ட தகரத்த நானே கழட்டி ஒங்கட மேசையில வெக்கிறன்.”

மதுஷன் வந்தார். மூன்றாம் கட்டையில் இறங்கித் தள்ளினார். ஒரு சப்பாத்து களிக்குள் போனது, தோண்டி எடுத்தார்கள். தாம்போதியில் மிஹ்லார் அவர் கையில் தடியைக் கொடுத்து, கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டார். “நடந்து பாருங்க சேர்.” தண்ணீர் அன்று முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. நடுவில் ஊன்றிய தடி நிற்காமல் கீழே போக, மதுஷனும் சரிந்தார். பின்னால் வந்த மிஹ்லார் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்.

கரைக்கு வந்த மதுஷன் ஜீப்பில் வைத்திருந்த போனை எடுத்துத் தாம்போதியைப் படம் பிடித்தார். பிறகு, “இதுக்கு முடிஞ்செண்டு ஆர் கையெழுத்து வைச்சது?” என்றார்.

“அத நீங்கதான் எங்களுக்குச் செல்லணும்.”

மதுஷன் படங்களோடு அறிக்கை எழுதினார். ஒரு கிழமைக்குள் பெரிய பலகை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனது. கையெழுத்து வைத்தவர் யார், மீதி ஒன்பது கிலோமீற்றருக்கான காசு எங்கே என்று மிஹ்லார் மூன்று தடவை போய்க் கேட்டார். “அறிக்கை மேலே போயிரிக்கு” என்ற பதிலே கிடைத்தது.

ஜனவரியில் மேலதிகாரி ஒருவர் வீதியைப் பார்வையிட வந்தார். காரியாலயம் மிஹ்லாரின் ஜீப்பைக் கேட்டது. “தாம்போதி வரைக்கும் வாறதெண்டாத் தாறன்” என்றார். அவர்கள் வேறு வாகனம் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று காலை மிஹ்லார் உர மூட்டைகளோடும் சுஜித்தாவோடும் போனபோது, இரண்டாம் கட்டையில், நல்ல கிரவலின் மேல் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வாகனம் பாதையை அடைத்து நின்றது. மிஹ்லார் ஹோர்னை அழுத்தினார், கையை எடுக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகு தலையை வெளியே நீட்டினார்.

“ரோட்டு இன்னும் ஒம்பது கிலோமீற்றர் கிடக்கு சேர். ஜீப்புல எடமிரிக்கி, வாங்க.”

ஒருவரும் ஏறவில்லை. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாரதி ஓடிப்போய் வாகனத்தை ஓரமாக்கினார். மிஹ்லார் இறங்கி ரயர்க் காற்றைக் குறைத்துவிட்டு, களிக்குள் ஜீப்பை விட்டார்.