கொழும்புத் திரையில் சிவந்த படகு

எமில்ராஜ் குடித்துவிட்டு இதைச் சொல்லவில்லை. போன ஒக்ரோபரில், ஞாயிறு பட்டப்பகலில், யாழ்ப்பாண நகரின் ஓர் அலுவலகத்தில் நடந்தது.

மீன்பிடிப் படகுகளில் ஒரு சிறு கருவி பூட்டியிருக்கும். கால் மணிக்கொருமுறை படகு நிற்கும் இடத்தை அனுப்பும். ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தலாம். எல்லாம் யாழ்ப்பாணத்தில் எமில்ராஜ் பார்த்துக்கொள்ளும் சேர்வர் கணினியில் பதிவாகும். அதன் பிரதி கொழும்புக்குப் போகும். அங்கேதான் திரையைப் பார்த்து உதவி அனுப்புவார்கள்.

அன்று அறுபது இலட்சம் பழைய பதிவுகளை அழிக்கவேண்டும். குருநகர்ப் படகுகள் ஞாயிறில் கடலுக்குப் போவதில்லை. அதனால்தான் ஞாயிறு. ஐயாயிரம் ஐயாயிரமாக அழித்தான். ஒரேயடியாக அழித்தால் கொழும்புப் பிரதியும் அதை அழித்து முடிக்கும்வரை புதிய பதிவு எதையும் வாங்காமல் பின்தங்கிவிடும்.

பிற்பகல் 2.10. கொழும்பில் திரையைப் பார்க்கும் உதயகலா அழைத்தாள்.

"எமில், அங்கை பதிவுகள் குறையுதோ?"

"ஓம். ஏன்?"

"இஞ்சை ஒரு படகு புதுசா வந்து நிக்குது. சிவப்பு."

சிவப்பென்றால் ஆபத்துப் பொத்தான். தன் சேர்வரில் தேடினான். இல்லை.

பிரதியைத் திறந்தான்... இருந்தது. படகு எண் 417. இன்றைய திகதி.

பிரதியைப் பார்க்கத்தான் முடியும். யாராலும் அதில் நேரே எழுத முடியாது.

417 அவனுடைய அண்ணன் ஹரோல்டின் படகு. நாலு வருடத்துக்கு முன் கடலோடு போனது. தகவல் பிந்தி வந்தது. தேடப் போனவர்களுக்கு ஒரு பலகைகூட அகப்படவில்லை.

2.25. இன்னொரு பதிவு.

2.40. இன்னொன்று.

"ஆரையாவது அனுப்புங்கோ!"

"அனுப்பியாச்சு."

அழிப்பதை நிறுத்தினான். பதிவுகள் நிற்கவில்லை.

3.35.

"எமில், அந்த இடத்திலை ஒண்டுமில்லையாம். வெறும் தண்ணி."

3.40. சிவப்பு.

3.55. சிவப்பு.

4.10... சிவப்பு.

பிறகு ஒன்றுமில்லை. பிரதியிலும் இல்லை.

மூன்றாம் நாள், சேர்வருக்கு வந்ததும் அதில் அழித்ததும் எல்லாம் நேரத்தோடு பதிந்திருக்கும் பழைய கட்டளைப் பதிவேட்டைக் கிளறினான். ஹரோல்ட் தொலைந்ததும் ஒரு ஞாயிறு. சனிக்கிழமை போன படகு, எந்திரம் நின்று மிதந்திருக்கிறது. 2.10இலிருந்து 4.10 வரை ஒன்பது தரம் பொத்தானை அழுத்தியிருக்கிறான். ஒன்பதும் யாழ்ப்பாணத்துக்கு உடனே வந்திருக்கின்றன.

கொழும்புக்குப் போனது 6.20க்கு.

அன்று 2.05க்கு யாரோ முப்பது இலட்சம் பதிவுகளை ஒரே கட்டளையில் அழித்திருக்கிறார்கள். பிரதி அதிலேயே சிக்கி நின்றிருக்கிறது.

கட்டளை போட்டவர்: எமில்ராஜ். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம்.

அதைப் போட்டுவிட்டு, வீட்டில் நண்டுக்கறி என்று சாப்பிடப் போனது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.