சுல்தான் ஏறி வந்த மலைக்காடு

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பெரிய சண்டையில், அதாவது முதல் உலகப் போரில், துருக்கிப் பட்டாளத்தோடு மோதியவர். ஒரு விரலை அங்கேயே விட்டுவிட்டு, கோபத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருந்தார். மஸ்ஜித் தானா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் காட்டில் துருக்கிக்காரனுக்கு எங்கே போவது? அதனால் முப்பதுகளில் ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழா நாடகத்துக்கு அவரே கதை கொடுத்துவிட்டார்.

ஆர்மீனியர்கள் என்று ஒரு ஜனம். மலைமேல் ஊர். துருக்கி சுல்தான் வரியும் அடியுமாக வதைத்தான். அவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, கீழே இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க முட்டிப் பார்த்தும் சுல்தானின் பட்டாளத்தால் ஊரைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் சமரசம் பேச ஆட்கள் மலையேறி வந்தார்கள். துரை இங்கிலீஷில் சொன்னதை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். "சின்ன ஜனம், ஆனா ரோஷமுள்ள ஜனம்னு துரை சொல்றாரு" என்று முடித்தார். தன் காரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்காதவனைப் போன வாரம்தான் அறைந்த துரை, எங்களுக்கு ரோஷத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் தோட்டத்தில் ராஜா வேஷம் என்றால் அது கங்காணிக்குத்தான். கோயிலில் முதல் மரியாதை அவருக்கு என்பதுபோல இதுவும் வழக்கம். என்ன கதை என்றுகூடக் கேட்காமல் கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டிவிட்டார். ராஜா தோற்கிற கதை என்பது ஒத்திகையில்தான் அவருக்குத் தெரிந்தது.

"ராஜா எப்படிடா தோப்பான்? தோட்டத்துக்கே ஆகாதுலா!"

வேஷத்தை விடவும் மனசில்லை, தோற்கவும் மனசில்லை. சுல்தான் தோற்கவில்லை, மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் திரும்பிப் போகிறார் என்று முடிவானது. மலைக்காரர்களின் தலைவன் நான். வருஷா வருஷம் பெண்வேஷம் கட்டிய எனக்கு மீசை கிடைத்ததே பெரிது.

ஆனால் என் மனசு நாடகத்தில் இல்லை. அண்ணிக்கு நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடவை ரப்பர்ப் பால் எடுக்க மரத்தைக் கீறி வெட்டும்போதே வலி எடுத்து, பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளை மாற்றச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டிருந்தோம். "பார்க்கலாம்" என்றவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் வாயில்லாப் பூச்சி. இதுவும் போய்விடுமோ என்று நான்தான் கங்காணி பின்னாலேயே அலைந்தேன்.

துரை கிளப்புக்குப் போக வேண்டியிருந்ததால் நாடகம் சாயங்காலமே நடந்தது. ரப்பர் ஷீட் பெட்டிகளை அடுக்கி மலை செய்திருந்தோம். சுல்தான் வசனம் பேசிக்கொண்டே முதல் பெட்டியில் காலை வைத்தார். பெட்டி சரிந்து சுல்தான் மல்லாந்தார், கிரீடம் உருண்டுபோய்த் துரையின் காலடியில் நின்றது. துரை எழுந்து நின்று கைதட்டினார். மேடைக்கே வந்து என் கையைக் குலுக்கி, என்ன வேண்டும் கேள் என்றார்.

அண்ணியின் வேலையைக் கேட்டேன். கிராணி அதை இங்கிலீஷில் சொன்னதும் துரையின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"அதெல்லாம் கங்காணிகிட்ட கேக்கணுமாம்" என்றார் கிராணி.

கங்காணி அங்கேதான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும்போது கங்காணி சிரித்தார். "நேத்து மலைமேல நின்னவன் எல்லாம் இன்னிக்கு மலைக்காடு. தலைவரோட அண்ணியும்தான்."

தோட்டத்திலேயே செங்குத்தான காடு அது. அண்ணி பாதி ஏறியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அவளை மெல்ல மேலே கூட்டிப்போய் நிழலில் உட்காரவைத்து, அவள் மரங்களையும் நாங்களே வெட்டிப் பால் எடுத்தோம். வாளியைத் தூக்கப் போனபோது அவள் தடுத்தாள்.

"யாரும் எறங்காதீங்க. பால் கட்டட்டும்."

பால் நேரத்துக்குக் கீழே போகாமல் வாளியிலேயே உறைந்து கட்டிப்போனால் வீண்; துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கங்காணி. தன் மேல் கோபமுள்ள எல்லோரையும் பொறுக்கி எடுத்து, ஒரே மலைமேல் அவரே ஏற்றி அனுப்பியிருந்தார். கீழே விசில் அடித்தார், கத்தினார், எங்கள் பரம்பரையையே திட்டினார். பிறகு ஏற ஆரம்பித்தார். தொப்பை முன்னால் வர, பூட்ஸ் வழுக்க, வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச மூச்சில்லை.

"ஆயாக்கொட்டகையா, கட்டிப்பாலா? சொல்லுங்க கங்காணி" என்றாள் அண்ணி.

அவர் தலையை ஆட்டினார்.

"வாயால சொல்லுங்க."

"கொட்டகைக்கே... போ தாயி" என்றார். வாளிகளைத் தூக்கினோம்.

அந்த ஆர்மீனியர்கள் எங்களைப் போலச் சுலபமாகத் தப்பவில்லை. பெரிய சண்டை வந்தபோது அவர்களை மலையைவிட்டே துரத்திச் சாகடித்தார்கள் என்று டவுன் பக்கம் தெங்கேராவில் ஒருவர் சொல்லி, பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. துரை அந்தப் பாதியைச் சொல்லவே இல்லை. மனசு கனத்துப்போனது.

அடுத்த வருஷம் பழைய கதையே போதும் என்று துரை சொல்லியனுப்பினார். கங்காணி ராஜா ஊரே அதிரக் கத்தி எல்லோரையும் ஜெயித்தார். முன்வரிசையில் அண்ணியின் மடியில் அவள் மகள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.