கண்டக்டரின் நோட்டில் கால்கள்

சங்கராபுரத்தைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டுண்டு கிடக்கிறது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். கல்வராயன் மலைக்குப் போகிற எங்கள் பஸ் மூன்று மணி நேரமாக நகரவில்லை. நேற்றிலிருந்து நான் சாப்பிட்டது ஒரு பன் மட்டும். பசித்தால் வேடிக்கை பார்ப்பது என் வழக்கம்.

கண்டக்டர் பஸ் படியில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலை ஓட்டுகிறார். மறியல் செய்கிறவர்களில் ஒருவர் கோடாலியோடு வந்து நோட்டைப் பிடுங்குகிறார்.

“இன்னா எழுதிக்கினு இருக்க? போலீசுக்கு எங்க பேரா?”

“பேரு இல்லண்ணே, காலு. படியில நிக்கிறவங்க காலு. தெனம் ஒண்ணு போடுவேன்.”

கோடாலிக்காரர் புரட்டுகிறார். நானும் எட்டிப் பார்க்கிறேன். வெடித்த குதிகால், கம்பியால் கட்டிய செருப்பு, சேறு காயாத விரல்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி. முகம் இல்லாமலே ஆள் தெரிகிறார். நான் படித்த நாலு வகுப்பில் இப்படி ஒரு நோட்டைப் பார்த்ததில்லை.

ஒரு பக்கத்தில் அவர் கை நிற்கிறது. சுண்டுவிரல் இல்லாத வலது கால்.

“யோவ், இது என் காலுய்யா!”

கூட்டம் சிரிக்கிறது. அவர் சிரிக்கவில்லை. “இத வச்சே என்னப் புடிச்சிடுவானுங்க.”

“பயமா இருந்தா கிழிச்சிக்கோங்க” என்கிறார் கண்டக்டர். கண் நோட்டை விட்டு அகலவில்லை.

அவர் கிழிக்கவில்லை. “கட்டவெரல் நகம் சொத்தையா இருக்குமே, அத வுட்டுட்டியே” என்றபடி வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்து காலை நீட்டுகிறார்.

கண்டக்டர் நோட்டை வாங்கிப் புதுப் பக்கம் திருப்புகிறார்.

“நல்லா பாத்துப் போடு. தேதி மட்டும் போடாத.”