தலைவெட்டி ஓடை

முதலியார்பேட்டை அமலநாதனின் வாய்க்காகவே அவர் ஆட்டோவைத் தேடி வந்தவர்கள் உண்டு. சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வடக்கே போவார். அங்கே செம்மண் மேடு பிளந்து, பள்ளமாக இறங்கி, கடலில் போய் முடியும். தலைவெட்டி ஓடை என்று பெயர்.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்காத ஆள் இல்லை. அமலநாதனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. ஓடையின் வாயில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நிற்கிறது. பக்கிரி கல் என்பார்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். பக்கிரி என்றொரு வழிப்பறித் திருடன், சந்தைக்குப் போகிறவர்களின் தலையை வெட்டி ஓடையில் உருட்டிவிட்டான் என்று கதை கட்டினார். தலை உருளுவதைக் கையால் காட்டுவார். பெண்கள் அலறுவார்கள். ஒருத்தி அதை வீடியோ எடுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு, அந்த வீடியோவைப் பார்த்த பக்கத்து ஊர் தணிகாசலம் ஆட்களோடு ஓடையருகே காத்திருந்தான். பக்கிரி அவர்கள் குலசாமி. திருடர்களிடமிருந்து ஊர் மாடுகளை மீட்கப்போய்த் தலையைக் கொடுத்தவர். வருஷாவருஷம் அந்தக் கல்லுக்குக் கிடா வெட்டுகிறார்கள்.

சவாரிக்கு வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். முதல் அடி ஆட்டோ கண்ணாடியில் விழுந்தது. அடுத்தது முழங்காலில்.

"எங்க சாமி திருடனாடா?"

"தெரியாம சொல்லிட்டேன் தம்பி. மன்னிச்சுடுங்க."

"எவன் சொன்னான் இந்தக் கதைய? பேரச் சொல்லு, உன்ன உட்டுடறோம்."

"யாரும் சொல்லல. நானே கட்டுனது."

"நீயே கட்டுனியா? என்னா நெஞ்சழுத்தம்டா உனக்கு!"

இரும்புக் கம்பி தாடையில் இறங்கியது. பற்கள் தெறித்தன. விழுந்தவரின் தலையை மிதித்தார்கள்.

"உருட்டிக் காட்டுனியே, இப்ப நீ உருளு!" என்று ஓடைக்குள் உதைத்துத் தள்ளினார்கள். செம்மண்ணில் ரத்தம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் பெனிஷாவிடம் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார்.

"யாராவது ஒருத்தர் பேரச் சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா அந்தாளப் போயி அடிப்பானுங்கடி."

"அப்ப இல்லாத ஆளு பேரு ஒண்ணு சொல்றது. கதை கட்ற வாய்தானே?"

உடைந்த தாடையை மெதுவாக அசைத்தார்.

"பக்கிரியும் இல்லாத ஆளுன்னுதான் நெனச்சேன்."

அன்று சாயங்காலம் உயிர் போயிற்று.