கிணறு யார் பேரில்

"ஒனக்கு என்னம்மா வேணும்? நகையா, மாசச் செலவுக்குப் பணமா, மொத்தமா ஒரு தொகையா?" என்று தேனியில் என் வக்கீலம்மா கேட்டபோது, "கிணறு வேணும் மேடம்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். விவாகரத்துக்கு வந்த பெண் வாயில் கிணறு என்று வந்தால் யாருக்கும் பக்கென்றுதான் இருக்கும். "விழுகுறதுக்கு இல்ல மேடம், தண்ணி பாய்ச்ச" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு வாய்க்கொழுப்பு குறையவில்லை.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் எனக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கல்யாணத்தின்போது அப்பா எழுதிக் கொடுத்தது. எழுதும்போது அவர் ஒரு காரியம் செய்தார். தோட்டத்தை என் பேரில் எழுதிவிட்டு, கிணறும் மோட்டார் ரூமும் இருக்கிற மூன்று சென்ட்டை மட்டும் தனியாகப் பிரித்து மாப்பிள்ளை பேரில் எழுதினார். "அம்புட்டையும் பொண்ணு பேருக்கே எழுதுனா மாப்ள மனசு கோணும். அவருக்கும் ஒரு மருவாதி வேணும்ல" என்றார். கிணறு அவர் பேரில் போனதால் கரண்டு சர்வீஸும் அவர் பேருக்கே வந்தது. அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. எனக்கும்தான். மாப்பிள்ளை வீட்டார் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் அவரிடம் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்குச் சின்னமனூரில் உரக்கடை. பதினோரு வருடம் வாழ்ந்தோம், பிள்ளை இல்லை. அடித்தார், குடித்தார் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும். அவர் அடிக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்திக்கொண்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் தன் அம்மா வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று தோட்டத்துக்குப் பூச்சிமருந்து கொடுக்க வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதைவிடக் கேவலம் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்?

விவாகரத்து நோட்டீஸ் வந்த வாரம்தான் தோட்டத்தில் கவாத்து முடித்திருந்தேன். கவாத்து வெட்டிய கொடிக்குத் தண்ணீர் காட்டினால்தான் துளிர் விடும், துளிரில்தான் பூ, பூவில்தான் என் சோறு. காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் ரூமில் புதுப் பூட்டு தொங்கியது. அவருக்குப் போன் செய்தேன்.

"எங்கெணறு, நான் பூட்டுறேன். ஒனக்கென்ன?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முழு வாக்கியம் அதுதான்.

வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பக் கிளம்பிவிட்டேன். வழியிலேயே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டதால் பிழைத்தேன். "பூட்ட ஒடச்சா கேஸ் ஒம்மேலதான் வரும். பேசாம வீட்டுக்குப் போ" என்று திட்டினார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கையைக் காலைப் பிடித்து, அவர் பாய்ச்சியது போக மிச்சத் தண்ணீரை விலைக்கு வாங்கினேன். அது பாதிப் பந்தலுக்குக்கூடப் போதவில்லை. கிழக்கு ஓரத்துக் கொடிகளை ஒடித்தால் விறகு மாதிரி முறிந்தன. முறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கிணற்றுத் தண்ணீரில் எனக்கும் பாத்தியம் உண்டென்று தனி வழக்குப் போடலாம், ஆனால் வருடக்கணக்காக இழுக்கும் என்றார் வக்கீலம்மா. புதிதாக போர் போடலாம், ஆனால் விவசாயக் கரண்டு சர்வீஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். அதுவரை கொடி காத்திருக்குமா?

அண்ணனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அவனுக்கு நகைதான் முக்கியம். அம்மாவின் அட்டிகையும் அதில் சேர்த்தி, எல்லாம் மாமியார் பீரோவில் இருந்தது.

"ஏ ஆத்தா, போட்ட நகைய விட்டுட்டு வந்தா ஊர்ல என்ன சொல்லுவாக? இவ மேலதான் தப்புன்னு சொல்லுவாக."

"சொல்லட்டும்ணே. ஊரு வந்து எந்தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுமா?"

அண்ணன் காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான்.

கோர்ட்டில் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மேசை, இந்தப் பக்கம் நானும் என் வக்கீலம்மாவும், அந்தப் பக்கம் அவரும் அவர் வக்கீலும். நடுவில் சமரசம் பேச ஒரு வயதான வக்கீல். என் வீட்டுக்காரர் தரப்பில் எடுத்த எடுப்பிலேயே நகை முழுவதையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"கெணறு இல்லாம அந்தத் தோட்டத்த வச்சு நீ என்ன செய்யப் போற? எனக்கே கிரயம் பண்ணிக் குடுத்துரு. நல்ல வெல தாரேன்" என்றார்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "ஏங்க, தண்ணிய நிறுத்திக் கொடியச் சாகடிச்சுட்டு இங்கன உக்காந்து வெல பேசுறீகளா? கெணத்த எழுதித் தந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இல்லேன்னா வாய்தாவுக்கு வாய்தா வந்துட்டுப் போறேன். எனக்கென்ன அவசரம்? எனக்கு யாரும் மாப்ள பாக்கல."

சமரசம் பேச வந்தவர் குனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்த் தன் அம்மாவிடம் போனில் வெகு நேரம் பேசினார். திரும்பி வந்து, கிணற்றை எழுதித் தருவதாகவும், நகையோ ஜீவனாம்சமோ நான் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். வக்கீலம்மா என் காதருகே குனிந்து, "நாளைக்கு ஒடம்புக்கு முடியலேன்னாலும் ஒரு ரூபா கேக்க முடியாதும்மா. நல்லா யோசி" என்றார். யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. அம்மாவின் கழுத்தில் கிடந்த அட்டிகை ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

கூட்டு மனு போட்டாயிற்று. தீர்ப்புக்கு முன்பே கிணற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று வக்கீலம்மா அவசரப்படுத்தினார். "இப்பப் புருஷன் பொண்டாட்டி. குடும்பத்துக்குள்ள தானமாக் குடுக்குறதா செட்டில்மென்ட் எழுதிக்கலாம், ஸ்டாம்ப் கொறச்சல். தீர்ப்பு வந்துட்டா நீ யாரோ அவரு யாரோ. கிரயத்துக்கு உண்டான ஸ்டாம்ப் கட்டணும்." பத்திரச் செலவு முழுவதும் என் தலையில் என்பது பேச்சு.

அதனால் கடைசியாக ஒரு தடவை கணவனும் மனைவியுமாகப் பத்திர ஆபீஸுக்குப் போனோம். தனித்தனி வண்டியில்தான். எதிரில் இருந்த பத்திர எழுத்தரின் கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எழுத்தர் எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் வந்தது. அப்புறம், "என் மனைவியாகிய உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், உனது பிற்கால நல்வாழ்வை முன்னிட்டும்" என்று வாசித்தார்.

உடம்பெல்லாம் எரிந்தது. "அண்ணே, அந்த வரிய எடுத்துருங்க" என்றேன்.

"எடுக்கக் கூடாதும்மா. தான செட்டில்மென்ட்ல அது இருக்கணும். புருஷன் பொண்டாட்டிக்கு எழுதுனா அப்பிடித்தான் எழுதுறது. அது வேண்டாம்னா கிரயமாத்தான் போடணும், செலவு கூடும்."

"கூடட்டும். கடன் வாங்கியாச்சும் கட்டுறேன். ஒரு பொய்ய எழுதி வாங்கித்தான் நான் தண்ணி பாய்ச்சணுமா?" கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்ததிலிருந்து வாயே திறக்காதவர், தரையைப் பார்த்தபடி, "இருக்கட்டும்ணே" என்றார். மறுபடியும், "எழுதுனபடியே இருக்கட்டும்" என்றார்.

எழுத்தர் என்னைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். ஆபீஸுக்குள்ளே அதிகாரி, "மனசாரத்தான எழுதிக் குடுக்குறீங்க?" என்று கேட்டதற்கு "ஆமா சார்" என்றார். வெளியே வந்து மோட்டார் ரூம் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த வாசலிலேயே நின்று அழுதேன். தீர்ப்பு வாங்கிய அன்றுகூட அப்படி அழவில்லை.

ஸ்டாம்ப் செலவு என்னுடையது. அந்த வரி இருந்ததால் மிச்சமான பணமும் என்னுடையது. அவருக்கு அதில் ஒரு பைசா லாபமில்லை. பின்னே எதற்காக இருக்கட்டும் என்றார்? அப்போது தீர்ப்புக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன, அதுவரை சட்டப்படி நான் அவர் மனைவிதான். போன் செய்து கேட்டிருக்கலாம். எத்தனையோ தடவை எண்ணை எடுத்துப் பார்த்தேன். பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்காமலே விட்டுவிட்டேன்.