பனிக்குள் கழுவிய கால்

ஒஸ்லோவுக்கு நான் வந்த புதிதில், 2000களின் ஒரு ஜனவரியில், ரொம்மன் மண்டபத்தில் அண்ணாவுக்குக் கல்யாணம். மைனஸ் பதினெட்டு. காரைவிட்டு இறங்கியதும் பனிக்காற்று முகத்தில் அறைந்தது.

பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவ, பெண்கள் ஆரத்தி எடுத்து உள்ளே அழைக்க வேண்டும். கதவுக்கு உள்ளே வைத்தே செய்திருக்கலாம். வீடியோக்காரர் விடவில்லை.

“வெளியிலை எடுத்தால்தான் வடிவாய் இருக்கும். விசா கிடைக்காமல் ஊரிலை நிக்கிற அம்மா பாக்கவேணுமெல்லோ?”

பட்டு வேட்டியோடு அண்ணா வெறுங்காலில் நின்றார். செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். காற்று ஆரத்தி விளக்கை அணைத்தது.

“முதல்லையிருந்து எடுப்பம்” என்றார் வீடியோக்காரர்.

மறுபடியும் தண்ணீர். மறுபடியும் விளக்கு அணைந்தது. சொந்தக்காரர் எல்லாரும் கமராவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு விசரோ? அண்ணான்ரை உதடு நீலமாய்ப் போச்சு, கண் தெரியேல்லையோ?” என்று கத்தினேன்.

“நல்ல காரியத்திலை சத்தம் போடாதை” என்று மாமா என்னை அடக்கினார். மூன்றாம் தடவையும் எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

வீடியோவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். அம்மா பார்த்த அன்று நான் போனில் வீடியோக்காரரைத் திட்டித் தீர்த்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஓம், நீ கத்தினதும் அதிலை கேக்குது. உன்ரை ஜக்கெட்டைக் கழட்டி அவனுக்குப் போட்டுவிட்டிருக்கலாமே, பிள்ளை?”

வீடியோக்காரர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அந்த வீடியோவை இதுவரை நான் போட்டுப் பார்த்ததில்லை.