பாதி சீசனும் மாங்காட்டு எலுமிச்சம்பழமும்

ஆனி பிறந்துவிட்டால் என் நாக்கு துறுதுறுக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் அப்போது பாதி முடிந்திருக்கும். எந்த அணி தேறும், எவனை உட்கார வைக்க வேண்டும், யாருடைய ஆட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று என்னிடம் கருத்துகள் குவிந்து கிடக்கும். கேட்கத்தான் ஆள் கிடையாது. வேலப்பன்சாவடியில் எங்கள் அடுக்குமாடியில் வாட்ச்மேன் முதல் அசோசியேஷன் செயலாளர் வரை கிரிக்கெட் பேசுவார்கள். பேஸ்பால் என்றதும் லிஃப்ட் வந்துவிட்டது என்று நழுவிவிடுவார்கள்.

இந்தப் பைத்தியம் ஆபீஸில் பிடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை. எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர் எந்த மீட்டிங்கையும் தன் ஊர் அணியின் முந்தைய நாள் ஆட்டத்தில்தான் ஆரம்பிப்பார். நாமும் இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்குமே என்று பார்க்கத் தொடங்கினேன். முதலில், பந்து மட்டையில் உரசிப் பின்பக்கம் பறந்தபோதெல்லாம் ஃபைன் லெக்கில் நாலு ரன் என்று கைதட்டிக்கொண்டிருந்தேன். அது ஃபவுல், ஒரு ரன்னும் கிடையாது என்று புரிவதற்குள் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் மட்டும் அவருடைய அணியோடு மாட்டிக்கொண்டேன்.

மண்ணூர்பேட்டை டீக்கடைக்காரரிடம் ஒருமுறை முயன்று பார்த்தேன். எங்கள் இடது கை பிட்சர், அதாவது பந்தை எறிபவன், தோள்வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறான் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார்.

“தைலம் தேச்சிக்கச் சொல்லு சார். இப்டி கொஞ்சம் தள்ளி நில்லு, பின்னாடி ஆளுங்க நின்னுகினு கீறாங்க.”

ஆக, எனக்கு மிச்சமிருந்தது என் மனைவி ஒருத்திதான். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வேறொன்று பேசத் தெரியாதவள். ஆட்டம் நமக்கு விடிகாலையில் ஓடும். அது முடிந்து, தட்டில் இட்லி விழுந்ததும் நான் தொடங்குவேன். மூன்றாம் பேஸில், அதாவது ஓடுகிறவன் தொட வேண்டிய மூன்றாவது முனையில், ஃபீல்டிங் நிற்பவன் பார்க்க ராஜா மாதிரி இருக்கிறான், பந்துதான் கையில் நிற்காது. நாலாவதாக அடிக்க வரும் தடியன் ஒன்று நம்ம சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடிப்பான், இல்லையென்றால் காற்றை அடித்துவிட்டுப் போவான். யாரை எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் மேனேஜரை நான் மன்னிக்கவே மாட்டேன். பிட்சர் களைத்துப்போய் நிற்கும்போது அந்த மனுஷன் சூயிங்கம் மென்றுகொண்டிருக்கிறார். இப்போது முதலிடத்தில் இருக்கிற அணிக்கு வெறும் அதிர்ஷ்டம், ஆடி முடிவதற்குள் சாயம் வெளுத்துவிடும். இத்தனைக்கும் அவள் “ம்” என்பாள். நடுவில் சட்னி வேண்டுமா என்று கேட்பாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் நம்பினேன். சீசன் முழுவதையும் அந்த “ம்”மை நம்பித்தான் ஓட்டினேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ரன் வந்துகொண்டிருக்கும்போது வீட்டில் யாரும் இடம் மாறக் கூடாது. ஒருநாள் அவள் காபியோடு ஹாலுக்குள் வரவும் எங்கள் ஆட்கள் வரிசையாக அடிக்கவும் சரியாக இருந்தது.

“அங்கேயே நில்லு! அசையாதே!”

“காபி ஆறிப்போவுதுங்க.”

“ஆறட்டும்.”

சமையலறை வாசற்படி பக்கத்தில் அவள் டம்ளரோடு நிற்க, தடியன் ஹோம் ரன் அடித்தான். மறுநாளும் ஆட்டம் இறுகியபோது அவளைக் கூப்பிட்டு, கையில் காபியைக் கொடுத்து, அதே இடத்தில் நிற்க வைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்கவில்லை. டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் அவள் மாங்காட்டுக்குப் போகத் தொடங்கினாள். காமாட்சியம்மனை ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போய்க் கும்பிட்டால் நினைத்தது நடக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. என்ன வேண்டுதல் என்று கேட்டால் வெளியில் சொல்லக் கூடாது என்றாள். என் புரொமோஷனுக்காகத்தான் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

எங்கள் அணியோ அந்த வாரத்திலிருந்து விழுந்தது. எழுந்திருக்கவே இல்லை. இடது கைக்காரனை எல்லோரும் வெளுத்து வாங்கினார்கள். தோற்ற நாளில் எனக்குப் பேச்சு வராது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் கிளம்பிவிடுவேன். அப்போதெல்லாம் அவள் சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். கோயில் போய்வந்தால் மனம் லேசாகிறது போலும் என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம் நானும் கூடப் போனேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், பிட்சரின் தோள் சரியாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டதாகச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆறு வாரமும் முடிஞ்சிடுச்சி, சொன்னா தப்பில்ல. காலையில ஊடு கொஞ்சம் அமைதியா இருக்கணும்னு வேண்டிக்கினேன். நீங்க ஜெயிச்சா பேசிக்கினே இருக்கீங்க. தோத்தாதான் வாயத் தொறக்க மாட்டேன்றீங்க. அம்மன் பார்த்து ஒரு வழி பண்ணிட்டா.”

நானும் சிரித்தேன். ஆனால் வலித்தது. தோல்வியை விட அந்த “ம்” வெறும் “ம்”தான் என்று தெரிந்ததுதான் வலித்தது.

அதன்பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்த்தேன். அணி மெல்லத் தலைதூக்கியது. தடியன் தொடர்ந்து அடித்தான். நான் மூச்சு விடவில்லை. ஜெயித்த நாளிலும் இட்லியைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன். வீட்டில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. கேட்ட வரம் கிடைத்துவிட்டதே, சந்தோஷமாக இருக்கட்டும் என்று எனக்கு ரோஷம் வேறு.

ஒரு காலை அவள் காபியோடு வந்து வாசற்படி பக்கத்தில், அதே இடத்தில் நின்றாள். நான் இயர்போனைக் கழற்றினேன்.

“அந்த மேனேஜர சும்மா சும்மா திட்டினீங்களே, பாவம் அவரு. தப்பு முழுக்க உங்க இடது கைக்காரன் மேலதான். தோள் வலிச்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? உம்முனு இருந்தா அடுத்தவங்களுக்கு இன்னா தெரியும்?”

இதைவிட அபத்தமான கருத்தை அந்த சீசனில் நான் கேட்டதில்லை. மேனேஜருக்குக் கண் எங்கே போயிற்று என்று எகிறினேன். ஆயிரம் ஆட்களைப் பார்க்கிறவருக்கு ஒருத்தன் தோளைத் தொட்டுப் பார்க்க நேரமிருக்குமா என்று அவள் திருப்பி எகிறினாள். டம்ளரை டீப்பாயில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாம் பேஸ்காரனையும் ஒரு பிடி பிடித்தாள். காபி ஆறிப்போனது. டி.வி.யில் ஆட்டம் முடிந்து யார் ஜெயித்தார்கள் என்பதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.